அந்துப்பூச்சி திரும்பி வந்ததாம்

அக்டோபர் 7

எங்களுக்கு நிதி தருகிற கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள். ஆறு பேருக்கு நாலு கார். ஆற்றைக் காப்பாற்ற வருகிறவர்கள் பின்னே பஸ்ஸிலா வருவார்கள்?

விளக்குப்பொறியை நான்தான் காட்டினேன். வெள்ளைத் துணி, அதன் மேல் ஊதா விளக்கு, எதிரே கேமரா. இருட்டியதிலிருந்து விடிகிறவரை துணியில் வந்து உட்காருகிற பூச்சியையெல்லாம் கேமரா படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, இறக்கையை அளந்து, பேரும் சொல்லிவிடும். ஒரு பூச்சியும் சாகாது. யாரும் கண்விழிக்கவும் வேண்டாம். அடையாற்று ஓரத்து அந்துப்பூச்சிகளை நாலு வருஷமாக இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். நிதியைக் கையில் வைத்திருக்கும் சந்திரமௌலி கேட்ட ஒரே கேள்வி: “பட்டாம்பூச்சி வராதா?”

“இல்ல சார், இது ராத்திரியில பறக்கிறது. அந்துப்பூச்சி.”

“அந்துன்னா… பட்டுப்புடவையை அரிக்குமே, அதுவா?”

எங்கள் டைரக்டர் ஜெயராம் சார் குறுக்கே விழுந்து, “கலர்ஃபுல்லாவும் நிறைய இருக்கு சார், ஆண்டறிக்கை அட்டைக்குப் பிரமாதமா இருக்கும்” என்றார். இருக்கிறதில் முக்கால்வாசி சாக்கு நிறம். சாக்கு நிறத்துக்கு யார் பணம் தருவார்கள்?

மார்ச்சோடு நிதி முடிகிறது. ஒப்பந்த ஆராய்ச்சியாளர் என்றால் வேறொன்றும் இல்லை, வருஷா வருஷம் மார்ச் கடைசியில் செத்து ஏப்ரல் ஒன்றாம் தேதி எழுந்து உட்காருகிறவள். இந்தத் தடவை எழுவேனா தெரியவில்லை.

அக்டோபர் 11

அரசாங்க நிதிக்குப் போட்ட விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. இந்தப் பூச்சிகளால் பயிருக்குச் சேதம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு என்றால் பணம் உண்டு. என் பூச்சிகள் ஒரு வம்புதும்புக்கும் போகாதவை. அதனால் பைசா கிடையாது.

சைஃப் சிரிக்கிறான். கேமராவுக்கு ஏஐ எழுதியவன் அவன்தான். வெளிநாட்டுப் படங்களை வைத்துப் பழக்கிய அந்த ஏஐ, முதல் வருஷம் அடையாற்றுப் பூச்சிக்கெல்லாம் பனி கொட்டுகிற ஊர்ப் பூச்சிகளின் பேரை வைத்தது. நான் உட்கார்ந்து, கண் வீங்க வீங்க, படம் படமாகத் திருத்தித்தான் அதற்குப் புத்தி வந்தது. இப்போது அறிக்கையில் ‘ஏஐ அடையாளம் கண்டது’ என்று போடுகிறார்கள். ஏஐக்கு வாத்தியார் யார் என்று ஒரு வரி கிடையாது.

அக்டோபர் 21

நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் தோணிமேட்டுக்குள் அப்பப்போ இந்தப் பேச்சு அடிபடும், அடங்கும். இந்தத் தடவை பேப்பராகவே வந்துவிட்டது. ஆற்றைப் பார்த்த கீழ் வரிசை மொத்தமும் காலி பண்ண வேண்டும். எங்கள் வீடு கீழ் வரிசை. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். சுவருக்குப் பின்னால் இருக்கிற மேல் வரிசை பற்றி ‘உரிய ஆய்வுகளுக்குப் பிறகு’ முடிவாம். சின்னம்மா வீடு மேல் வரிசையில்.

அம்மா என்னைத்தான் கேட்டாள். “நீ படிச்சவதானே, இன்னா போட்டுக்கீது, கரெக்டா சொல்லு.” படித்துச் சொன்னேன். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். அதேதான் போட்டிருந்தது.

எங்கள் பின்வாசலில் நின்றால் அக்கரையில் என் விளக்குப்பொறி தெரியும். ‘உன் ஆபீஸ் லைட்டு’ என்பாள் அம்மா. இன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்டோபர் 22

அம்மா மீன் விற்கப் போகவில்லை. அப்படி ஒரு நாள் எனக்கு நினைவில்லை.

நவம்பர் 6

இடித்தாச்சு.

காலையிலேயே ஜேசிபி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நைனா உயிரோடிருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் வாங்கி எழுப்பிய சுவர், பப்படம் மாதிரி போச்சு. அம்மா பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு லாரியில் நின்றாள். பீரோ விழுந்துவிடுமாம். நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன் — சரியாக நினைவில்லை. யாரோ ஒரு ஆபீசர் “ஒத்துழைப்புக்கு நன்றிம்மா” என்றார். யார்யா ஒத்துழைச்சது? ஒத்துழைக்காட்டி இன்னா பண்ணியிருப்ப?

மத்தியானம் ஜெயராம் சார் போன். “லீவு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ நிஷா. கஷ்டமா இருக்கு எனக்கு.” நிஜமாகவே கஷ்டப்பட்டார். அது வேறு ஒரு எரிச்சல்.

நவம்பர் 19

பெரும்பாக்கம். எட்டாவது மாடி. லிஃப்ட் மனசு வைத்தால் வேலை செய்கிறது.

அம்மா மீன் எடுக்கப் பட்டினப்பாக்கம் போக ரெண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேரும்போது நல்ல மீனெல்லாம் ஏலம் போய்விடுகிறது. மிச்சம் கிடக்கிற பொடிமீனை வாங்கி விற்கிறாள். கூடையைப் பார்த்துக் கண்டக்டர்கள் ஏற்றுவதில்லை. ஏற்றினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். “என்னமோ இவுங்க ஊட்ல மீனே துன்றதில்ல பாரு” என்று வந்து திட்டுகிறாள். திட்டுகிறவரை பயமில்லை.

டிசம்பர் 12

சைஃப் ஓடி வந்தான். “அக்கா, இத பாருங்க.”

போன வருஷம் இதே மாதம் துணியில் வந்து உட்கார்ந்ததைப் போல மூன்று மடங்கு பூச்சி. இனங்களும் கூடியிருக்கின்றன. நான் பார்த்தே இராத ரெண்டு மூன்று பெரிய பருந்து அந்துப்பூச்சிகள் வேறு. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது — பொய் எதற்கு? அப்புறம் சந்தேகம். ஒரே பூச்சியை ரெண்டு தடவை எண்ணுகிறதோ?

டிசம்பர் 18

இல்லை. ரெண்டு தடவை எண்ணவில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்துவிட்டோம். கேமரா சரி, சைஃப் எழுதியதும் சரி. பூச்சி நிஜமாகவே வருகிறது.

ஜெயராம் சார் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கிவந்தார். அவர் வீட்டில் பேத்திக்குப் பிறந்தநாள் என்றால்கூட இந்த ஆட்டம் ஆடமாட்டார். சந்திரமௌலி போனிலேயே கத்தினாராம்: “கரை க்ளீன் ஆச்சு, நேச்சர் திரும்பி வந்துடுச்சு!”

க்ளீன். அழுக்கு யாரென்று அந்த ரூமில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அல்வாவை முழுங்கினேன்.

டிசம்பர் 23

முட்டாள், முட்டாள், முட்டாள்.

சாயங்காலம் துணி மாற்றப் போனேன். விளக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எதிர்க்கரை கறுப்பாக இருந்தது. அவ்வளவுதான், அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

கீழ் வரிசை இருந்தபோது வாசலுக்கு வாசல் பல்பு எரியும். பெட்டிக்கடை டியூப்லைட், கோயில் சீரியல் செட், தெருவிளக்கு — எல்லாம் ஆற்றைப் பார்த்து. என் ஊதா விளக்கு அந்தக் கும்பலில் ஒன்று. பூச்சி எங்கெங்கோ போய் மொய்க்கும், மிச்சம்தான் என்னிடம் வரும். இப்போது ஒரு கரை முழுக்க இருட்டு. மேல் வரிசை வெளிச்சம் சுவரைத் தாண்டி இறங்காது. எரிவது என் விளக்கு ஒன்றுதான். இருக்கிற பூச்சியெல்லாம் இங்கேதான் வரும். பூச்சி கூடவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வருகிறது.

விளக்குப்பொறி வைக்கிறவர்களுக்கு இது முதல் பாடம். பௌர்ணமிக்குப் பொறியில் பூச்சி குறையும், அமாவாசைக்குக் கூடும். நாலு வருஷமாக நிலா வெளிச்சத்துக்குக் கழித்துக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன். நிலாவுக்குக் கணக்கு வைத்தேனே தவிர, நான் பிறந்து வளர்ந்த தெருவின் வெளிச்சத்துக்கு வைக்கவில்லை. அது எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

டிசம்பர் 27

ஆதாரம் கிடைத்துவிட்டது. என் போனிலேயே இருந்தது.

தோணிமேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் மின்வாரியத்துக்குப் புகார் சொல்வது என் வேலை. தெருவில் இங்கிலீஷ் பேசுகிறவள் நான்தானே. ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று வந்த மெசேஜ்களை ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அந்தத் தேதிகளைப் பொறியின் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் கரண்ட் போன ராத்திரிகளில் எல்லாம் பூச்சி இதே மாதிரி எகிறியிருக்கிறது. பொறி பேட்டரியில் ஓடுவதால் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் வந்த மறுநாள் பழையபடி இறங்கிவிட்டது. ஜனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். புழுக்கத்தில் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான்.

சைஃப் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சோலி முடிஞ்சுது” என்றான். யாருடைய சோலி என்று சொல்லவில்லை.

ஜனவரி 3

ஜெயராம் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, நிதானமாகப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் பேஜாரே.

“சயின்ஸா நீ சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட். நேக்கு சந்தேகமே இல்லை. ஆனா மார்ச்சுக்குள்ள ரினியூவல். அவாளுக்கு வேண்டியது ஒரு கதைம்மா. ‘ஒண்ணும் மாறலை’ன்னு சொல்றதுக்கு எவன் மூணு வருஷத்துக்குக் காசு குடுப்பான்? கேமரா போச்சு, சைஃப் போச்சு, நீ போச்சு. நாலு வருஷ டேட்டாவும் அதோட நின்னுடும்.”

“மேல் வரிசை பத்தி ஆய்வுக்கு அப்புறம்தான் முடிவுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான் சார். இந்த மாதிரி ஒரு ஆய்வு கையில கெடச்சா விடுவானா? எங்க சின்னம்மா வீடு சார் அது.”

கண்ணாடியை மறுபடியும் கழற்றினார். அப்புறம், “நீயே எழுது. முழு அறிக்கையில, வார்த்தை மாத்தாம போடறேன். இது என் ப்ராமிஸ்” என்றார்.

ஜனவரி 9

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். எதிர்க்கரை விளக்குகள் அணைந்ததுதான் காரணம் என்று பார்க்கிற யாருக்கும் புரிகிற மாதிரி. கடைசியில் வழக்கம்போல ‘இது குறித்து மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்தேன். நாங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் அப்படித்தான் முடிப்போம். அடுத்த நிதிக்குக் கதவைத் திறந்துவைக்கிற வரி அது.

பிப்ரவரி 5

நான் தோணிமேட்டுக்காரி என்று சந்திரமௌலிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மனுஷன் குதிக்கிறார். “அந்தக் கரையிலேயே பிறந்து, நந்தனத்துல கவர்மென்ட் காலேஜ்ல படிச்சு, இன்னைக்கு அதே கரையில சயின்டிஸ்ட்! இதைவிட என்ன ஸ்டோரி வேணும்?” சின்னதாக ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம், என்னை வைத்து. நடித்துக் கொடுத்தால் மூன்று வருஷ நிதி. எனக்கு நிரந்தர வேலை.

அந்தக் கரையில் இப்போது என் வீடு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். “ஓ… பட் நல்ல ஃப்ளாட் குடுத்திருக்காங்க இல்ல?” என்றார்.

பிப்ரவரி 6

நிரந்தர வேலை வந்தால் மந்தைவெளியில் ஒரு ரூம் எடுக்கலாம். அம்மா நடந்தே பட்டினப்பாக்கம் போய்விடுவாள். வீடியோவில் உண்மையைத்தானே சொல்லப்போகிறேன்? யார் வாயையும் நான் அடைக்கவில்லையே? என் வாயையும் யாரும் அடைக்கவில்லை.

இப்படியெல்லாம் என்னிடமே வக்கீல் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13

எடுத்தார்கள். முகத்துக்கு என்னவோ பூசினார்கள். நான் முழுசாகவே சொன்னேன். “அந்துப்பூச்சிகள் திரும்பி வந்திருக்கு என்று தோன்றும். ஆனால் எதிர்க்கரையில் குடும்பங்கள் போய் விளக்குகள் அணைந்ததால்தான்” என்று ஆரம்பித்து, கரண்ட் போன ராத்திரிகள் வரை. வீடியோ எடுத்த பையன் கேட்டுவிட்டு, “சூப்பர் மேடம், ஒரு சேஃப்டிக்கு முதல் லைனை மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமா, சுருக்கமா சொல்லிடுங்க” என்றான்.

சொன்னேன்.

மார்ச் 20

அறிக்கை வந்துவிட்டது. ஜெயராம் சார் வாக்குத் தவறவில்லை. நான் எழுதியது ஒரு எழுத்து மாறாமல் அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் அனுப்பியது ரெண்டு பக்கச் சுருக்கம். அதில் ஒரு வரைபடம், ஒரு பூச்சிப் படம் (பச்சை நிறப் பூச்சி, தேடிப் பிடித்திருக்கிறார்கள்), கீழே என் பேர். தலைப்பு: ‘கரை மீண்டது, உயிர்கள் மீண்டன’.

வீடியோ ஒன்றரை நிமிஷம். நான் சிரித்தபடி, “அந்துப்பூச்சிகள் திரும்பி வந்திருக்கு” என்கிறேன். பின்னால் வீணை.

மார்ச் 22

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி அனுப்பியிருக்கிறாள். அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். “சினிமாக்காரி கணக்கா கீறடி. அந்த ஜிமிக்கி யாருது?” பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க வருகிற டீச்சரம்மாவுக்கும் காட்டினாளாம். அது என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 25

நான் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போனது. சின்னம்மா வந்து சொல்லிவிட்டாள். மேல் வரிசையில் எல்லோர் போனிலும் அதுதானாம்.

அம்மா சத்தம் போடவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நம்ம போனதாலதான் பூச்சி வந்துச்சுன்னு சொல்லிக்கீறியாமே.”

“இல்லம்மா. முழுசா சொன்னேன். வெட்டிட்டானுங்க. நம்ம லைட்டெல்லாம் அணைஞ்சதாலதான் அங்க வருதுன்னு—”

“அப்போ நம்ம ஊட்டு லைட்டு அணைஞ்சதுக்குத்தான் உனக்கு வேல பர்மனென்ட் ஆவுதா?”

கணக்குப்படி சரிதானே.

மார்ச் 26

ஜெயராம் சார் ரூமில் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம். “அறுபத்தோராம் பக்கத்த எவன் சார் படிப்பான்? நீ படிப்பியா?” என்று ஒருமையில்கூட வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீடியோவை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மெயில் போடுகிறேன் என்றார். எனக்கு எதிரிலேயே போட்டார். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது.

ஏப்ரல் 1

வேலை உத்தரவு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாழ்த்துகள், டாக்டர் நிஷா.

ஏன் தூக்கி எறியவில்லை? மேல் வரிசை பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஜூனில். அங்கே ஒரு தெருக்காரியாகப் போய் நின்றால் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. அறிக்கையை எழுதியவளாகப் போனால் கேட்பார்கள். இது நிஜமான காரணமா, மந்தைவெளி ரூமா — எனக்கே தெரியவில்லை. அம்மா என் சம்பளத்தில் ரூம் வேண்டாம் என்றுவிட்டாள். ரெண்டு பஸ் மாறியே போகிறாள்.

ஜூன் 10

கூட்டம். முழு அறிக்கையும் கையில். மேல் வரிசைக்காரர்கள் பின்னால் நின்றார்கள், சின்னம்மா உள்பட. யாரும் என்னோடு பேசவில்லை, ஆனால் நான் எழுந்தபோது வழிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நிலா, பல்பு, டிரான்ஸ்ஃபார்மர். ஆபீசர் மரியாதையானவர், நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. “உங்க வீடியோவைப் பார்த்தேன் மேடம், ரொம்ப நல்லா பேசியிருந்தீங்க” என்று ஆரம்பித்தார். அப்புறம் அறுபத்தோராம் பக்கத்தைப் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

“‘மேலும் ஆய்வு தேவை’ன்னு நீங்களே போட்டிருக்கீங்களே. அப்போ இது இன்னும் நிரூபணம் ஆகலை. சுருக்கத்துல அந்த மாதிரி எதுவும் போடலை. அதுல தெளிவா இருக்கு. அதுலயும் உங்க பேர்தான் இருக்கு.”

அது சும்மா போடுகிற வரி சார், எல்லோரும் போடுவோம், பணத்துக்காகப் போடுவோம் — இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். சிரித்தார்கள். ஒரு கூடம் நிறையச் சிரித்தார்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. “ஒய்ங்கா சொன்னியா கண்ணு? ஒத்துக்கினாங்களா?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 4

மேல் வரிசையும் போச்சு. சின்னம்மாவுக்குப் பெரும்பாக்கத்திலேயே வேறு பிளாக். நான் போய்ச் சாமான் தூக்கினேன். வேண்டாமென்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 16

தோணிமேடு இருந்த கரையில் கம்பெனியின் நடைபாதை திறப்பு விழா. பத்தடிக்கு ஒரு விளக்கு. பகல் மாதிரி இருக்கிறது. நுழைவாயிலில் பெரிய திரை.

எத்தனை விளக்கு வைக்கப்போகிறீர்கள் என்று நான் முன்பே கேட்டிருந்தேன். “சேஃப்டி முக்கியம் மேடம், லேடீஸ் வாக்கிங் வருவாங்க” என்றார் சந்திரமௌலி.

டிசம்பர் 9

பொறியில் பூச்சி எண்ணிக்கை விழுந்துவிட்டது. போன வருஷத்தை விடு, தோணிமேடு முழுசாக இருந்த காலத்தைவிடக் குறைவு. எங்கள் மஞ்சள் பல்பு எவ்வளவோ தேவலை போலிருக்கிறது. துணி வெள்ளையாகவே தொங்குகிறது.

கம்பெனியிலிருந்து மெயில்: கேமரா ரிப்பேரா?

ஜெயராம் சார் கூப்பிட்டார். பொறியை அந்த இடத்திலிருந்து எடுத்து, ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்புறம், நடைபாதை வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றிவிடலாமாம்.

“மாத்தினா பழைய கணக்கோட ஒப்பிடவே முடியாது சார். அஞ்சு வருஷமும் குப்பை.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா சொல்றீங்க?”

“தெரிஞ்சுண்டுதான் சொல்றேன்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்கு வயசாகிவிட்டது என்று முதல் தடவையாகத் தோன்றியது. பாவமாக இல்லை.

முடியாது என்றேன்.

டிசம்பர் 12

சைஃப் மாற்றிவிட்டான். வந்து முன்னால் நின்றான். “வீட்டுக்கடன் அக்கா. குழந்தை வேற.” தலையை ஆட்டினேன். அவனைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை?

டிசம்பர் 15

ராஜினாமா கொடுத்தேன். ஒரே வரிதான் எழுதினேன். கடைசியில் வேறெதுவும் சேர்க்கவில்லை.

ஜனவரி 6

வேளச்சேரியில் ஒரு கோச்சிங் சென்டர். நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு விலங்கியல். பூச்சிகள் மொத்தமும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கேள்வி வராத பகுதி என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 18

ஞாயிற்றுக்கிழமை. வியாபாரம் முடிகிற நேரத்துக்குப் பட்டினப்பாக்கம் போனேன். அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, “அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?” என்றாள். இடித்த நாளுக்கு அப்புறம் அவள் அங்கே போகவில்லை. நான்தான் பயந்தேன். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி ரெண்டு தடவை எழுதியிருந்தேன். எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

விளக்குப் போடுகிற நேரம். நடைபாதையில் நல்ல கூட்டம். நுழைவாயில் திரையில் ஜிமிக்கி போட்டுக்கொண்டு நான் சிரித்தேன். அந்துப்பூச்சிகள் திரும்பி வந்திருக்கு என்றேன். வீணை வாசித்தது. கொஞ்சம் இடைவெளிவிட்டு மறுபடி சிரித்தேன்.

அம்மா நின்று பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள். நான் “வாம்மா போலாம்” என்றேன். அவள் அசையவில்லை.

வாட்ச்மேன் வந்தான், சின்ன வயசு. “கூடைய உள்ள எடுத்துனு வரக்கூடாதும்மா, கவிச்சி அடிக்குதுன்னு கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க” என்று நல்லவிதமாகத்தான் சொன்னான். அம்மா கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எங்கள் வாசல் எது என்று கண்ணால் தேடினாள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கல். இங்கேதான் இருக்கும் என்று ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினாள். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

அதற்குள் வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“மேடம்… அது நீங்கதானே? தினம் பாக்குறேன் மேடம். இந்தக் கரையிலயே பொறந்தவங்களாமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

“இல்லப்பா. எம்பொண்ணு இங்க பொறக்கல. அது வேற யாரோ, பாக்க அப்பிடி கீது.”

என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாப் வந்தும் கையை விடவில்லை. முதல் பஸ் கூடையைப் பார்த்துவிட்டு நிற்கவில்லை. ரெண்டாவதில் இடம் கிடைத்தது.